புல்தரையில் இலையுதிர் காலச் சருகு: எப்போது, எப்படி வாருவது? அனுபவப் பகிர்வு

மரம் மொத்தமும் கொட்டி முடியட்டும், ஒரே நாளில் வாரிக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதில்தான் புல் கெடுகிறது. உதிர்ந்த புதிதில் சருகு மொறமொறவென்று உதிரியாகக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் படிந்துவிடும். மேப்பிள் போல அகலத் தட்டை இலை என்றால் நனைந்த காகிதத்தை அடுக்கினாற்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருண்டு காயும் ஓக் இலையில் கொஞ்சமாவது காற்று புகும். ஒட்டிய அடுக்கை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கீழே புல் வெளுத்து, அடித்தண்டு வழுவழுவென்று இருக்கும். வெளிச்சமும் இல்லை, ஈரமும் காயவில்லை, பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? அதன்மேல் வெண்பனி விழுந்து மூடினால் வசந்தத்தில் வட்ட வட்டமாக வைக்கோல் நிறத் திட்டுகள் தெரியும். குளிர்ப்பகுதிப் புல் இலையுதிர் காலத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும். அப்போது கிடைக்கும் வெயில் அதற்கு ரொம்ப முக்கியம். அதனால் கொட்டும் காலம் முழுக்க வாரத்துக்கு ஒரு முறை, காலைப் பனி காய்ந்த பிறகு வாருங்கள்.

*

மேலே சொன்னது முழுக்கச் சரி. சருகு வாரும் ரேக் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். விசிறி போல விரிந்த பிளாஸ்டிக் ரேக், 24 முதல் 30 அங்குல அகலம், காய்ந்த சருகுக்கு அதுவே போதும். இரும்புப் பல் ரேக் ஒட்டிய ஈரச் சருகுக்கு உதவும். ஆனால் அழுத்தினால் வளைந்த நுனி புல்லின் குருத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். பல் மண்ணைக் கீறக் கூடாது, புல்நுனியில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கைப்பிடி நின்ற நிலையில் மோவாய்க்காவது எட்டட்டும். குட்டையாக இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முன்னே பிடிக்கும் கையையும் பின்னே பிடிக்கும் கையையும் மாற்றிக்கொண்டால் தோளும் தாங்கும்.

குவித்துவிட்டு அள்ளுவது இரட்டை வேலை. 8க்கு 8 அடி தார்ப்பாய் ஒன்றை விரித்து நேராக அதன்மேலேயே வாரித் தள்ளுங்கள். பாதி நிறைந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துப் புல்மேல் இழுத்துப் போய்விடலாம். முழுக்க நிரப்பினால் நனைந்த சருகின் கனம் நகரவே விடாது.

*

எல்லாச் சருகையும் வாரத்தான் வேண்டுமா? என் கணக்கில் பாதி வேலை அநாவசியம். சருகுக்கு இடையில் பாதிப் புல்லாவது கண்ணுக்குத் தெரிகிறதென்றால் மோவரை, அதாவது புல்வெட்டும் இயந்திரத்தை, மேலேயே ஓட்டிவிடுங்கள். பிளேடு உயரம் 7 முதல் 8 செ.மீ., சேகரிப்புப் பை வேண்டாம், நடை மெதுவாக. முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. துண்டுகள் சின்ன நாணயம் அளவுக்கு வந்துவிட்டால் புல்லிடுக்கில் இறங்கிவிடும். மிச்சத்தை மண்புழுவும் நுண்ணுயிரும் பார்த்துக்கொள்ளும். இரண்டு முறை ஓட்டியும் புல் தெரியாமல் துண்டு மூடிக் கிடந்தால் சருகு அதிகம் என்று அர்த்தம். அப்போது பையை மாட்டி உறிஞ்சி எடுங்கள்.

ஈரச் சருகில் இதைச் செய்யாதீர்கள். கூழாகி மோவரின் அடிப்பக்கம் அப்பிக்கொள்ளும், வெளித்தள்ளும் வாய் அடைக்கும், பிளேடு வேகம் குறையும். அடைப்பை எடுக்கும் முன் இன்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். பேட்டரி வண்டி என்றால் பேட்டரியை வெளியே எடுங்கள். அப்போதும் கையை விடாமல் குச்சியால் சுரண்டுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் போவது விரல்.

*

ப்ளோவர் (காற்றால் சருகைத் தள்ளும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். குழாய் வாயைத் தரைக்குச் சாய்வாக வைத்து, சுவர் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, இடமும் வலமும் மெல்ல வீசிக்கொண்டே வாருங்கள். பாதி வேகமே போதும். முழு வேகத்தில் குவியலே கலைந்து பறக்கும். சரளைக்கல் பாதை பக்கத்தில் இருந்தால் வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, காதடைப்பு இரண்டும் கட்டாயம். செடிப் புதருக்குள்ளும் வேலி ஓரத்திலும் இது ரேக்கைவிட நன்றாக வேலை செய்யும். புதிதாக விதை போட்ட தரையிலும் ரேக் வேண்டாம், ப்ளோவரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தள்ளுங்கள். இளம் வேர் பிடுங்கிக்கொள்ளாது.

*

வாரியதை எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. தயவுசெய்து எரிக்காதீர்கள், தெருச் சாக்கடைக்கும் தள்ளாதீர்கள். அடைப்பு ஒருபுறம், சருகிலிருந்து கரையும் பாஸ்பரஸ் குளத்தில் சேர்ந்து பாசி மண்டுவது இன்னொரு புறம்.

கம்பிவலையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வளைத்து நிறுத்தி அதில் கொட்டுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. முழுச் சருகு மக்க ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும். மோவரில் அடிபட்ட சருகு அதில் பாதிக் காலத்தில் கருத்து, மழைக்காட்டு மண் வாசனையோடு உதிரும். சீக்கிரம் உரம் வேண்டுமென்றால் மூன்று கூடைச் சருகுக்கு ஒரு கூடை பச்சைப் புல்வெட்டு கலந்து வாரம் ஒரு முறை புரட்டுங்கள். புல்லை மட்டும் குவித்தால் நாறும், சருகை மட்டும் குவித்தால் அசையாமல் கிடக்கும்.

கரும்புள்ளி விழுந்த ரோஜா இலை, சொறிநோய் பிடித்த ஆப்பிள் இலை இந்தக் குவியலுக்கு வரவே கூடாது. நல்ல சருகில் கொஞ்சத்தைச் செடிகளின் அடியில் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம், தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி.

*

இரண்டு சின்ன விஷயம். உறைபனி படிந்த காலையில் புல்மேல் நடக்காதீர்கள், நடந்த தடமெல்லாம் பழுப்பாகிவிடும். பழைய குவியலை அள்ளும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், காலுறைக்குள் பேண்டைச் செருகுங்கள். உண்ணி ஈரச் சருகில்தான் ஒளியும். ஓக், பீச் மரங்களில் பல, காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்கக் கிளையிலேயே பிடித்து வைத்து வசந்தத்தில் கொட்டும். அந்த மரங்கள் இருந்தால் ரேக்கைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.