அப்பாவின் பார் லைசன்ஸை என் பெயருக்கு மாற்ற வேண்டும், பழைய வற் (VAT, பெறுமதி சேர் வரி) பதிவு குறுக்கே நிற்கிறது

வெள்ளவத்தைக்காரன்:
எங்களுக்கு இங்கே கொழும்பில் ஒரு ரெஸ்டூரன்ட், கூடவே பார். லைசன்ஸ் அப்பா பெயரில். அவருக்கு இனி ஓடித்திரிய ஏலாது என்பதால் என் பெயருக்கு மாற்றப் பார்க்கிறோம், டிசம்பர் 31 உடன் இந்த வருட லைசன்ஸும் முடிகிறது. வருமான வரி ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம், பற்றுச்சீட்டு எல்லாம் அம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் லைசன்ஸுக்காக டக்ஸ் கிளியரன்ஸ் (வரி பாக்கி இல்லை என்ற சான்று) கேட்டால் 2020இலிருந்து வற் நிலுவை என்று வருகிறது. 2020 ஜனவரியில் வற் பதிவுக்கான விற்பனை எல்லையை வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாயாக ஏற்றினார்கள்தானே, எங்கள் வியாபாரம் அதற்குக் கிட்டவும் இல்லை, வற் முடிந்தது என்று அப்பா விட்டுவிட்டார். அதற்குப் பிறகு பில்லில் வற் போடவே இல்லை. வாங்காத வரிக்கு எப்படி நிலுவை வரும்?

கணக்குப்புத்தகம்:
தம்பி, பதிவை ரத்துச் செய்தீர்களா?

வெள்ளவத்தைக்காரன்:
இல்லை அண்ணே. அது தானாகப் போகாதா?

கணக்குப்புத்தகம்:
போகாது. எல்லை ஏறினாலும் பதிவு பதிவுதான். ரத்துச் செய்யும்வரை காலாண்டுக்கு ஒரு விபரத்திரட்டு (ரிட்டர்ன்) போட்டே ஆக வேண்டும், விற்பனை பூச்சியம் என்றாலும் பூச்சியம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தானே ஒரு தொகையை மதிப்பிட்டு, தண்டப்பணமும் வட்டியும் ஏற்றிவிடும். உங்களுக்குக் காட்டுவது பெரும்பாலும் அதுதான், பயப்படாதீர்கள், உண்மைக் கணக்கைப் போட்டால் குறையும். கொம்பனித்தெருப் பக்கம் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போய் அப்பாவின் டின் (TIN, வரி செலுத்துபவரின் அடையாள எண்) இலக்கத்துக்கு எந்தக் காலாண்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கை அச்செடுத்துக் கேளுங்கள். மதிப்பீட்டுக் கடிதம் வந்திருந்தால் தேதியைப் பாருங்கள், ஆட்சேபிக்க 30 நாள்தான்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். எல்லை 300இல் நிற்கவில்லை. 2022 ஒக்டோபரில் 80 மில்லியன், 2024 ஜனவரியில் 60 மில்லியன், வரி வீதமும் அப்போதுதான் 18 சதவீதம் ஆனது. பார்த்தால் இலாபம் சின்னது, ஆனால் எல்லைக்கு இலாபத்தைப் பார்க்க மாட்டார்கள், விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனையைத்தான் பார்ப்பார்கள். 2024இல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி (SSCL) என்ற இன்னொரு வரிக்கும் எல்லை அதே 60தான், அதையும் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது. பெயர் மாற்றம் வீடு எழுதிக் கொடுக்கிற மாதிரி இல்லை, மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், முதலில் அப்பாவின் கணக்கு சுத்தமாக வேண்டும். உங்களுக்குச் சொந்த டின் இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றைக்கே எடுங்கள். டிசம்பர் கடைசி வாரம்வரை மட்டும் இழுக்காதீர்கள், அப்போது கவுண்டரில் நிற்க இடம் இருக்காது.

வெள்ளவத்தைக்காரன்:
என்னுடைய டின் இருக்கிறது அக்கா. இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், 2024இல் மட்டும் 60ஐத் தாண்டிவிட்டது, மற்ற வருடங்கள் எல்லாம் கீழே. அப்படியென்றால் அந்த வருடத்துக்கு உண்மையாகவே கட்ட வேண்டும் போல.

கணக்குப்புத்தகம்:
ஓம், அதற்குக் கட்டத்தான் வேண்டும். கொள்வனவு வற் பில்களை, அதாவது பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டிய வற்றுக்கான பில்களைத் தேடி எடுங்கள், அதைக் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். மிச்சத்தைத் தவணையில் கட்டலாமா என்று எழுத்தில் கேளுங்கள். இப்போதைக்குப் பதிவை ரத்துச் செய்ய ஓட வேண்டாம்.

வெள்ளவத்தைக்காரன்:
சரி அண்ணே. நாளைக் காலை பிஸ்கட் டின்னோடு போகிறேன்.