மறு: தானியங்கி குவிய இணைப்பி – வேற சொல் யோசிக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

ரெண்டு நாளா இந்த இழைய படிச்சிட்டே இருக்கேன், இதுக்கு மேல எழுதாம இருக்க முடியல. கையால வளையத்த திருப்பி ஃபோகஸ் பண்ற பழைய மேனுவல் லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் (தானாவே படத்த கூர்மையாக்கறது) குடுக்குற அடாப்டருக்கு முதல் மடல்ல நண்பர் ஒருத்தர் "தானியங்கி குவிய இணைப்பி"ன்னு தமிழ்ச் சொல் போட்டிருந்தார். அவர் முயற்சிக்கு நன்றி, ஆனா எனக்கு ரெண்டு இடத்துல இடிக்குது.

இணைப்பின்னா கேபிள் முனைல இருக்கறதுதான் மனசுல வருது. நிக்கான் லென்ஸ சோனி கேமராவுல மாட்ட வெறும் வளையம் ஒண்ணு விக்குறாங்களே, அதுக்கு வேணா இணைப்பி, பொருத்தி எது வேணாலும் சொல்லுங்க. இது வேற ஜாதி. டெக்ஆர்ட் எல்எம்-ஈஏ7னு 2016ல வந்த அடாப்டரையே எடுத்துக்குவோம், நான் அதைத்தான் வெச்சிருக்கேன். லைக்கா எம் லென்ஸுக்கு மவுண்ட்லேருந்து (கேமராவுல லென்ஸ் மாட்டுற வாய்) ஃபிலிம் இல்ல சென்சார் வரைக்கும் 27.8 மி.மீ. வேணும், சோனி ஈ மவுண்ட்ல 18தான், மிச்சம் 9.8 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத அந்தச் சந்துலதான் எல்லாம் அடங்கணும், மோட்டார் மட்டும் கீழ்ப்பக்கமா கொஞ்சம் துருத்திட்டு நிக்கும். நாம லென்ஸோட ஃபோகஸ் வளையத்த முடிவிலில (ரொம்ப தூரத்துக்கான இடம்) விட்டுட்டு கைய எடுத்துடணும், கேமரா சொல்றபடி அடாப்டர் மொத்த லென்ஸையும் 4.5 மி.மீ. வரைக்கும் முன்னாடி தள்ளும். 50 மி.மீ. லென்ஸுக்கு இதுவே தாராளம், லென்ஸ்லேருந்து சுமார் 60 செ.மீ. கிட்ட இருக்கற முகம் வரைக்கும் கூர்மையா விழும். 135 மி.மீ. லென்ஸ் போட்டா நாலு மீட்டருக்கு இந்தப் பக்கம் வராது, அப்ப வளையத்த நாமதான் திருப்பி கிட்டத்துக்கு வெச்சுக் குடுக்கணும்.

அதனாலதான் நேத்து இன்னொருத்தர் "வில்லைநகர்த்தி"ன்னு சொன்னப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சது. ராத்திரி யோசிச்சப்பதான் அது பத்தாதுன்னு தெரிஞ்சுது. நிக்கானோட டிசி-16ஏங்கற அடாப்டர் 1980கள்லயே இதே வேலைய செஞ்சுது, ஆனா அது முன்னாடி மாட்டின லென்ஸ அசைக்கவே அசைக்காது, தனக்குள்ள இருக்கற கண்ணாடிகளத்தான் நகர்த்தும், கூடவே 1.6 மடங்கு பெருக்கறதால 50 மி.மீ. லென்ஸ் 80 ஆயிடும். 1996ல வந்த கான்டாக்ஸ் ஏஎக்ஸ் கேமரா இன்னும் ஒரு படி மேல, லென்ஸ விட்டுட்டு ஃபிலிமையே உள்ளுக்குள்ள 10 மி.மீ. வரைக்கும் முன்னும் பின்னும் நகர்த்திச்சு (உடம்பு அதனாலேயே அவ்வளவு தடிமன்). அந்த மாதிரி ஒரு யோசனை ஒரு பொறியாளருக்கு தோணிச்சே, அதை செஞ்சும் காட்டினாங்களேன்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

ஆக எது நகருதுங்கறது ஆளுக்கு ஆள் மாறுது. இல்லாத ஒரு திறமைய லென்ஸுக்கு குடுக்கறதுதான் எல்லாத்துக்கும் பொது. அதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே ஒரு ஈறு இருக்கு: சுவையூட்டி, நிறமூட்டி, மணமூட்டி. அந்த ஊட்டி.

இனி "தானியங்கி". தானியங்கின்னா தானா இயங்குற பொறி, செயலுக்கு அது பேரில்ல. தானியங்கி குவியம்னா குவியமே ஒரு இயந்திரம்ங்கற மாதிரி கேக்குது. அதோட குவியம் ஒரு புள்ளி, பள்ளிக்கூடத்துல குவிய தூரம்னு படிச்சோமே அது. நமக்கு வேண்டியது செயல், அதாவது குவிப்பு. தன் + காப்பு தற்காப்பு ஆகுற மாதிரி தன் + குவிப்பு = தற்குவிப்பு. தற்காப்புல தன்னையே காக்கறோம், அப்ப தற்குவிப்புன்னா தன்னையே குவிக்கறதான்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. ஆனா தற்செயல்ல தானா நடக்கறதுங்கற பொருள் இருக்கே, அது போதும்னு நினைக்கறேன்.

அப்ப அடாப்டர் = தற்குவிப்பூட்டி. கொஞ்சம் நீளம்தான், ஆனா "தானியங்கி குவிய இணைப்பி"ய விட சின்னது, ஒரே சொல்லாவும் நிக்குது.

மேனுவல் ஃபோகஸுக்கு "கைக்குவிப்பு" வேண்டாம்னு கேட்டுக்கறேன். கை குவிக்கறதுன்னா நமக்கு கும்பிடறது, அந்தப் பொருள் அவ்வளவு ஆழமா ஊறியிருக்கு, அதை ஒரு லென்ஸ் வளையத்துக்கு இழுக்க மனசு வரல. கைமுறைக் குவிப்புன்னு முழுசா எழுதிடலாம்.

எனக்கு கண்ணு மங்கினதுக்கப்புறம் நாப்பது வருஷ பழைய லென்ஸ மறுபடி கைல எடுக்க வெச்சது இந்தக் கருவிதான், அதனால பேரு சரியா அமையணும்னு ஒரு தவிப்பு இருக்கு. விக்சனரிக்கு (இணைய அகராதி) நான் எழுதி வெச்சிருக்கற வரைவு இது: "தற்குவிப்பூட்டி – கைமுறைக் குவிப்பு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி, லென்ஸையோ தன் உள்வில்லைகளையோ நகர்த்தி, தானாகக் குவிக்க வைக்கும் கருவி." கான்டாக்ஸ் ஏஎக்ஸ் இதுக்குள்ள வராது, அது கேமராவே. அதுக்குத் தனிப் பதிவு போடலாமா, இல்ல இதுலயே ஒரு வரி சேத்துடலாமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.