கியெல்ட்சே: நிலவறை இல்லை என்று தெரிந்தும் ஏன் கொன்றார்கள்?

வடகரை:
"யூத வெறுப்புக்கு அறியாமைதான் காரணம், உண்மையைச் சொல்லிக் கொடுத்தால் போய்விடும்" என்று பொன்னி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. போலந்தின் கியெல்ட்சே நகரம், 1946 ஜூலை 4. யூதர்கள் தன்னை நிலவறையில் அடைத்து வைத்ததாக ஒரு சிறுவன் சொல்லி, பிளான்டி தெரு 7ஆம் எண் வீட்டைக் காட்டினான். போலீஸ் போய்ப் பார்த்தது. அந்த வீட்டில் நிலவறையே கிடையாது! அப்படியும் 40க்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றார்கள். ஹிட்லரிடம் தப்பிப் பிழைத்தவர்களை. உண்மை கண்ணெதிரே இருந்து என்ன கிழித்தது?

பொன்னி:
நிலவறை இல்லை என்பது உள்ளே போன போலீசுக்குத் தெரியும். வெளியே நின்ற கூட்டத்துக்கு யார் சொன்னார்கள்? சொல்லாமல் விட்டதுதான் கேடு, என் கட்சியும் அதுதான்.

வடகரை:
உள்ளே போய்ச் சுட்டதே போலீசும் ராணுவமும்தான் அம்மா. நண்பகல் வாக்கில் இரும்பாலைத் தொழிலாளர்கள் கம்பியோடு வந்து சேர்ந்தார்கள். நிலவறை இல்லாத வீடு! திரும்பச் சொல்கிறேன், நிலவறை இல்லாத வீடு!

பொன்னி:
இந்த 'அம்மா' எல்லாம் வேண்டாம். கூட்டத்துக்குச் சொன்னது யார்? அதற்குப் பதில் வரவில்லை.

கரிசல்காரன்:
நிலவறையை விடுங்கள் இருவரும். யூதர்கள் விட்டுப்போன வீட்டிலும் கடையிலும் வேறு ஆட்கள் குடியேறிவிட்டார்கள். உரியவன் உயிரோடு திரும்பினால் கேட்பானே என்ற பயம். நம்மால் நஷ்டப்பட்டவன் எதிரே வந்தால் அவன்மேலேயே கோபம் வரும், மனசு அப்படித்தான்.

வடகரை:
சொத்துப் பயம் என்றால், யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தத்தைச் சடங்குக்கு எடுக்கிறார்கள் என்று அன்று ஊரில் பரவிய கதை எதற்கு? 1144இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் செத்ததை வைத்துக் கட்டிய பழி அது. 800 வருடம் கழித்தும் கேட்ட மாத்திரத்தில் நம்புகிறார்கள். நம்பக் காத்திருக்கிற மனசு நிலவறையைத் தேடிப் பார்க்காது.

பொன்னி:
அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா? போலந்தின் செஸ்டோஹோவா நகரக் கத்தோலிக்க ஆயர் தியோடர் குபினா, ரத்தப் பழி பொய் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். கூட்டம் மதிக்கிற ஆள், அவர்களுக்குள்ளிருந்தே, உடனே சொல்ல வேண்டும். வழி அதுதான்.

வடகரை:
மற்ற ஆயர்கள் அவரோடு நின்றார்களா? இல்லையே.

பொன்னி:
தோற்றதை மட்டும் எண்ணுவது உங்கள் வழக்கம். ருவாண்டா படுகொலை பற்றிய விவாதத் திரியிலும் இதைத்தான் செய்தீர்கள்.

வடகரை:
ருவாண்டா திரியில் பாதியில் ஓடியது யார்? சுட்டி இருக்கிறது, எடுத்துப் போடவா?