கொய் குளத்திற்கு அடிவடிகால்: தரையை உடைக்க வேண்டுமா?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்புறத்தில் உள்ள 8,000 லிட்டர் கொய் (வண்ணக் கெண்டை மீன்) குளத்தில் அடிவடிகால் இல்லாததால் கழிவு தரையிலேயே தங்குகிறது. அடைமழையில் செம்மண் நீரும் புகுந்துவிடுகிறது. தரையை உடைக்காமல் சீரமைக்க இயலுமா, ஐயா?

மறுமொழி:
உடைப்பதே நல்லது, தம்பி. நடுவில் 4 அங்குல வடிகாலைப் பதித்து, தரையை அதை நோக்கிச் சரித்து, நீரை முதலில் படிவுத் தொட்டிக்கும் பிறகு உயிரி வடிகட்டிக்கும் (பாக்டீரியாவால் நீரைச் சுத்திகரிப்பது) அனுப்பி, பம்பைக் கடைசியில் வைத்தால், அது கழிவை அரைத்துக் கலக்காது. புதிய சிமெண்டு நீரின் காரத்தன்மையை உயர்த்தும். மேற்பூச்சு இல்லாமல் மீனை விடாதீர்கள்.

மற்றொருவர்:
செம்மண் நீர் புகாமலிருக்க, குளத்தின் சுற்றுச்சுவரை நிலமட்டத்திலிருந்து ஓரடி உயர்த்துங்கள். எங்கள் வீட்டில் அதுவே திண்ணையாகிவிட்டது.

கேட்டவர்:
நன்றி. வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவலாமா?

மறுமொழி:
கூடாது. குழாய்நீரின் குளோரின், மீன்கழிவில் உருவாகும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்து நீரிலேயே அலசுங்கள்.