சேலத்துச் சாலையில் ராணுவ அணிவகுப்பு: வேண்டுமா, வேண்டாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பு நெடுங்காலம் டெல்லியிலேயே நடந்தது. 2023-ல் பெங்களூருக்கும், 2024-ல் லக்னோவுக்கும், 2025-ல் புனேவுக்கும் போயிற்று. சேலத்துக்கும் ஒருமுறை வரட்டுமே! ராணுவத் தளவாடத் தொழிலுக்கென அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம் ஊர் பெயரும் இருக்கிறது. ஆனால் நமக்குக் குடியரசு தினம் என்றால் காந்தி மைதானத்தில் கலெக்டர் கொடியேற்றுவதும் போலீஸ் அணிவகுப்பும்தான்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:
ஜனவரி 15 என்ன நாள் என்று காலண்டரைப் பார்த்தீர்களா ஐயா? பொங்கல்! அதற்கு முந்தைய வாரம் மூலப்பிள்ளையார் கோயில் வெல்ல மண்டியில் லாரி திரும்ப இடம் இருக்காது. அந்த வாரத்தில்தான் ஒத்திகை என்று சாலையை மறிப்பார்கள். ராணுவத்தின் அர்ஜுன் மார்க்-1ஏ டாங்க் 68 டன். ஆவடியில் செய்வது பெருமைதான். அதற்காக நாலு ரோட்டில் உருட்ட வேண்டுமா? பாதாளச் சாக்கடை மூடிகள் லாரிக்கே தாங்கவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
டாங்க் வேண்டாம் தம்பி, நடை போதும். 'தாஹினே தேக்' என்று கட்டளை வந்ததும் எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பும். வலது ஓரத்து ஆள் மட்டும் திரும்ப மாட்டார். அவர் நேரே பார்த்து நடந்தால்தான் வரிசை கோணாது. டிவியில் கேமரா மேடையைக் காட்டும், அவரைக் காட்டாது. வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் பேண்டும் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஏற்காடு அடிவாரம்:
கைதட்டிவிட்டுப் போகிறோம், சரி. 35 வயதில் ஓய்வுபெற்று வருகிறவருக்கு மறுநாள் இந்த ஊர் என்ன தருகிறது? ஏ.டி.எம். வாசலில் ஒரு நாற்காலி. அணிவகுப்புக்குக் கூடும் கூட்டம் அவரை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் அம்மா. வேலையையும் கேட்போம். அதைச் சொல்லி நடையை ஏன் நிறுத்த வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:
இன்னொன்று. பெங்களூரில் ராணுவப் பொறியாளர் படையான எம்.இ.ஜி.யின் மைய மைதானத்தில் நடந்தது, புனேயில் அதே போன்ற பி.இ.ஜி. படையின் மைய மைதானத்தில். கடைவீதியில் இல்லை. சேலத்தில் அப்படியொரு மையம் எங்கே இருக்கிறது?

அஸ்தம்பட்டிக்காரன்:
சென்னையில் குடியரசு தினத்தன்று முப்படையினரும் காமராஜர் சாலையில்தானே நடக்கிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:
அங்கே ஒரு பக்கம் மெரினா மணல், எவ்வளவு கூட்டம் வந்தாலும் கொள்ளும். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத் தூணுக்கும் கடைப்படிக்கும் நடுவே ஜனங்களை எங்கே நிறுத்துவீர்கள்? பேண்டு வரட்டும், காந்தி மைதானத்துக்குள் வாசிக்கட்டும். முதல் வரிசையில் நானே உட்காருகிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
முதல் வரிசை கிடைக்காது தம்பி. அது அதிகாரிகளுக்கு.