கம்பைலரை ஜிடிபியில (புரோகிராமை நிறுத்திப் பக் தேடுற டீபகர்) திறந்து பாத்த அனுபவம் உண்டா? பகிருங்க

குழித்துறை பாசஞ்சர்:
எல்எல்விஎம்-ஐ (கம்பைலர் கட்ட உதவுற ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு) எடுத்து மாத்தி எங்க கம்பெனி தனியா ஒரு கம்பைலர் வச்சிருக்கு. கஸ்டமர் இடத்துல அது விழுந்துட்டு. கையில வந்தது கோர் ஃபைல், அதாவது விழுந்த நேரத்து மெமரி நகல் மட்டும். திருவனந்தபுரத்துல சாயங்கால வண்டியில ஏறினதும் லேப்டாப்பைத் திறந்தேன். வழக்கம்போல எல்எல்விஎம்-க்குள்ளேயே இருக்கிற டம்ப் ஃபங்ஷனை (உள்ள இருக்கிறதை அச்சடிச்சுக் காட்டும்) கூப்பிட்டா, ஓடுற புராசஸ் இல்லாம முடியாதுன்னு ஜிடிபி கை விரிச்சிட்டு. சரின்னு, விழுந்த இடத்துல கிடந்த இன்ஸ்ட்ரக்‌ஷனோட பாயின்டரை நேரா பிரின்ட் பண்ணினேன். வந்தது, சப்கிளாஸ்ஐடி (என்ன வகைன்னு சொல்ற நம்பர்) = 87 'டபிள்யூ'.

இது லோடா, ஸ்டோரா, என்ன எழவு? இதுக்கெல்லாம் தாய் கிளாஸான வேல்யூ கிளாஸ்ல விர்ச்சுவல் ஃபங்ஷனே கிடையாது, அதனால ஆப்ஜெக்டோட நிஜ வகையைக் காட்டச் சொல்ற 'செட் பிரின்ட் ஆப்ஜெக்ட் ஆன்' போட்டும் பிரயோசனமில்லை. பாறசாலை தாண்டியும் இன்ஸ்ட்ரக்‌ஷன்.டெஃப் ஃபைலை (இன்ஸ்ட்ரக்‌ஷன் பட்டியல்) வச்சு விரல் விட்டு எண்ணிட்டு இருக்கேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பாத்துட்டு, "என்ன மக்கா, சிட்டுக் கணக்கா?"ன்னு கேட்டார்.

அன்னைக்கு ராத்திரியே பைத்தான்ல பிரின்டர் (எதை எப்படிக் காட்டணும்னு ஜிடிபிக்குச் சொல்ற ஸ்கிரிப்ட்) எழுத உக்காந்தேன். ஐடியில இருந்து இன்ஸ்ட்ரக்‌ஷன்வால்-ஐ (இன்ஸ்ட்ரக்‌ஷன் நம்பர்கள் தொடங்குற இடம்) கழிச்சா ஓப்கோட் (லோடா, ஸ்டோரான்னு சொல்ற நம்பர்) கிடைக்கும், அது லேசு. பேர் எடுக்கதுதான் பெரும்பாடு. வேல்யூவுக்குள்ள பேர் கிடையாது, பேர் இருக்கா இல்லையான்னு சொல்ல ஒரு பிட் மட்டும். பேர் கிடக்கிறது கான்டெக்ஸ்டுக்குள்ள (எல்எல்விஎம் தன் பொதுத் தகவலை வைக்கிற ஆப்ஜெக்ட்) ஒரு டென்ஸ்மேப்ல, அதாவது ஹேஷ் டேபிள்ல. டைப்பைப் பிடிச்சு, கான்டெக்ஸ்டுக்குப் போயி, அங்க பக்கெட் பக்கெட்டா தேடணும். சோர்ஸ்லயே யூட்டில்ஸ் ஃபோல்டருக்குள்ள ஜிடிபி பிரின்டர்கள் உண்டு. ஸ்மால்வெக்டர், ஸ்ட்ரிங்ரெஃப்னு எல்எல்விஎம்-ஓட லிஸ்ட், ஸ்ட்ரிங் வகைகளை எல்லாம் அழகா காட்டும். எனக்கு வேண்டிய இடத்துல அது உதவல்ல.

ரப்பர்மரம்:
ஒரு கோர் ஃபைலுக்காக இவ்வளவு பாடா? நான் ஜிசிசி (இன்னொரு ஓப்பன் சோர்ஸ் கம்பைலர்) ஆளு. பில்ட் பண்ணின ஃபோல்டர்ல ஜிடிபிஇனிட் (ஜிடிபி திறக்கும்போது ஏத்துற கட்டளை ஃபைல்) தானா வந்து கிடக்கும். 'பிடி' அடிச்சா ட்ரீ, 'பிஆர்' அடிச்சா ஆர்டிஎல், ரெண்டும் நம்ம கோடை ஜிசிசி உள்ள வச்சிருக்கிற வடிவங்கள். ஜிடிபிஹூக்ஸ்னு பைத்தான் ஃபைலும் 2013-லயே ஜிசிசி டெவலப்பர் டேவிட் மால்கம் எழுதி வச்சாச்சு. சும்மா பிரின்ட் பண்ணினாலே வெறும் அட்ரஸ் வராது, கால்_எக்ஸ்பிஆர் (ஃபங்ஷன் கால்) அப்படின்னு வகையோட வரும்.

கூட வேலை பாக்கிற பையன் ஒருத்தன் அரைநாளா பிரேக்பாயின்ட் நிக்கல்லன்னு புலம்பிட்டு இருந்தான். போய்ப் பாத்தா ஜிசிசியையே ஜிடிபியில ஏத்தி வச்சிருக்கான்.

அதனால புதுசா வாறவங்க கேட்டுக்கிடுங்க. ஜிசிசிங்கிறது மத்த புரோகிராம்களை ஓட்டி விடுற வெறும் டிரைவர், உள்ள நிஜமா கம்பைல் பண்ண ஓடுறது சிசி1. 'ராப்பர்' ஆப்ஷன்ல ஜிடிபியைக் குடுத்தா சிசி1 நேரா ஜிடிபிக்குள்ள திறக்கும். அடுத்து, ஸ்டேஜ் 1-ஐ (ஜிசிசி பில்டோட முதல் சுற்று) ஓ0-ல, அதாவது ஆப்டிமைஸ் பண்ணாம பில்ட் பண்ணுங்க, இல்லன்னா பாதி வேரியபிள் 'ஆப்டிமைஸ்டு அவுட்'னு போயிரும். மூணாவது, ஜிடிபி கண்ட ஃபோல்டர்ல கிடக்கிற இனிட் ஃபைலையெல்லாம் நம்பி ஏத்தாது. வீட்டு ஃபோல்டர் இனிட்ல ஆட்டோலோடு சேஃப் பாத்ல (தானா ஏத்த நம்பலாம்னு சொல்ற ஃபோல்டர் பட்டியல்) உங்க பில்ட் ஃபோல்டரைச் சேருங்க. அங்க மொத்த டிஸ்க்கையும் அனுமதிச்சு ஒரு ஸ்லாஷ் போட்டு விடுறவங்களும் உண்டு, அது வேண்டாம். இதெல்லாம் செஞ்சா பிரின்டர் எழுதவே வேண்டிவராது.

மார்த்தாண்டம் தேன்:
அண்ணா, நான் காலேஜ் புராஜெக்டுக்கு கிளாங் (எல்எல்விஎம்-ஓட சி, சி++ கம்பைலர்) உள்ள பாத்துட்டிருந்தேன். ஒரு டைப் பாயின்டர் 1-ல முடியுது. 16 பைட்டுக்கு அலைன் ஆக வேண்டிய அட்ரஸ் எப்படி 1-ல முடியும்? கைடு சார் ஸ்கிரீனைப் பாத்ததும் "மெமரி கரப்ஷன், வேற டாபிக் எடும்மா"ன்னுட்டார். கரப்ஷனும் இல்ல ஒண்ணும் இல்ல. டைப்பையும் அதோட அடைமொழிகளையும் சேத்து வைக்கிற குவால்டைப் கிளாஸ் அந்தக் கடைசி பிட்டுகள்லதான் கான்ஸ்ட், ரெஸ்ட்ரிக்ட், வாலட்டைல் எல்லாத்தையும் ஒளிச்சு வைக்குது. 1-னா கான்ஸ்ட். மாஸ்க் பண்ணிக் காட்ட ஒரு சின்ன பிரின்டர் இருந்திருந்தா என் டாபிக் போயிருக்காது. இப்ப வேற ஏதோ செய்யிறேன்.

முட்டம் கலங்கரை:
ரப்பர்மரம் அண்ணே, உங்க 'பிடி' உள்ள போயி ஜிசிசியோட ஃபங்ஷனைத்தான் கூப்பிடுது. கோர் ஃபைல்ல அது எப்படி ஓடும்? பாசஞ்சர் சொன்னதே அதுதானே. உயிரோட இருக்கிற புராசஸ்லயும் பாதி கட்டின ஐஆர்ல (எல்எல்விஎம் உள்ள வச்சிருக்கிற கோடு வடிவம்) டம்ப் அடிச்சுப் பாருங்க, பேரன்ட் இல்லாத இன்ஸ்ட்ரக்‌ஷன்ல போயி முட்டி டம்ப்பே செக்ஃபால்ட் ஆகி விழலாம். தேடி வந்த பக் ஒண்ணு, கிடைச்ச பக் இன்னொண்ணு.

ஆனா பைத்தான் பிரின்டரும் ரொம்ப யோக்கியம் ஒண்ணும் இல்ல. எனக்க எடிட்டர்ல லோக்கல் வேரியபிள் எல்லாம் தானா பக்கத்துல வரும். ஃபங்ஷன் வாசல்ல நிறுத்தினேன். கன்ஸ்ட்ரக்டர் ஓடாத வெக்டர், சைஸ்ல குப்பை, கோடிக்கணக்குல. நம்ம டீம்ல எழுதின பிரின்டர் சில்ட்ரனை, அதாவது உள்ள இருக்கிற எலிமென்டுகளை, முழுப் பட்டியலா கட்டித் திருப்பிக் குடுக்குது. மெமரி ஏறுது, ஏறுது, மவுஸ் கூட நகரல்ல. ஜிடிபி 200 எலிமென்டுக்கு மேல தானா காட்டாது, சரிதான். பட்டியல் கட்டி முடிஞ்சாத்தானே அந்த 200? பைத்தானோட யீல்ட் போட்டு கேக்கக் கேக்க ஒவ்வொண்ணா குடுத்தா சீக்கிரம் நின்னிருக்கும். கெப்பாசிட்டியைவிட சைஸ் பெருசுன்னா 'இன்னும் கட்டல்ல'ன்னு மட்டும் காட்டுற மாதிரி இப்ப மாத்தியாச்சு.

ரப்பர்மரம்:
கோர் ஃபைல்ல 'பிடி' ஓடாது, சரி. ஹூக்ஸ் மெமரியை மட்டும்தான் வாசிக்கும், அது ஓடும். நான் ரெண்டையும்தான் சொன்னேன், பாதியை விட்டுட்டுச் சண்டைக்கு வாரீரே.

குழித்துறை பாசஞ்சர்:
தேன், அந்த பிரின்டரை எழுதினா 8-ன்னு வாற பிட்டையும் பாக்கணும். அது ஏறியிருந்தா உள்ள இருக்கிறது டைப் இல்ல, கூடுதல் அடைமொழிகளை வைக்கிற எக்ஸ்ட்குவால்ஸ். அதுக்குள்ள போயித்தான் டைப்பை எடுக்கணும். எனக்க கோடு கிடக்கு, வேணும்னா தாறேன். கம்பெனிப் பேர் உள்ள வரியை மட்டும் எடுத்துட்டு.