அரிசியை மாத்தினா எடை குறையுமா? பார்த்ததைச் சொல்லுங்க

கீழவீதி
மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறி மூணு மாசம், ரெண்டு கிலோ கூடிடுச்சுன்னு மன்னார்குடியில ஒரு அம்மா. வத்தக்குழம்பு வைக்கறதுக்கு முன்னாடி அவங்க நல்லெண்ணெய் பாட்டிலைத் தராசுல வச்சோம், இறக்கினதும் மறுபடி வச்சோம். 62 கிராம் குறைஞ்சிருந்தது. கிராமுக்கு 9 கலோரி, ஆக 558. மூணு பேர் சாப்பிட்டா ஆளுக்கு 186. அவங்க கணக்குல அந்த எண்ணெயே இல்லை. சம்பாவோ பொன்னியோ, வேகாத அரிசி 100 கிராம் ஏறக்குறைய 350 கலோரிதான். நல்ல அரிசிதானேன்னு ஒரு கரண்டி கூடப் போட்டுக்கிட்டா ஏறத்தான் செய்யும்.

அரசலாறு
கீழவீதி சார், கலோரியோட நிறுத்திட்டீங்களே. கும்பகோணத்துல ஒருத்தர் 1500 கலோரின்னு நோட்டு போட்டு எழுதினார். காபி, பிஸ்கட், பன்னு. பகல் பூரா கணக்கு சுத்தம். ராத்திரி பத்தரைக்கு முறுக்கு டப்பா மூடி திறக்கற சத்தம் கேக்கும்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க. அது மட்டும் நோட்டுல ஏறல. 2019ல அமெரிக்காவுல கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவச்சு, ரெண்டு வாரம் ஆலைப் பண்டம் (ஆலையில தயாராகி பாக்கெட்டுல வர்ற தீனி), ரெண்டு வாரம் சமைச்ச எளிய சாப்பாடு கொடுத்தாங்க. பரிமாறின கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம்; வேணுங்கறதைச் சாப்பிடலாம். ஆலைப் பண்டத்துல தினம் 500 கலோரி போல கூடுதலா உள்ள போச்சு, எடை 0.9 கிலோ ஏறிச்சு. மத்ததுல அதே அளவு இறங்கிச்சு. ஏத்தினது கலோரிதான், ஆனா அதை உள்ள தள்ளினது பண்டம்.

வெண்ணாறு
வலங்கைமான் பக்கம் ஒரு அக்கா. நடவு மெஷின் வந்தப்புறம் வேலை நாள் பாதியாச்சு. அதே அரிசி, அதே குழம்பு, தட்டுல அதே குவியல். புடவைக் கொசுவம் ஆறு மடிப்புலேர்ந்து நாலாச்சு.

தஞ்சை_அடுப்படி
வெண்ணாறு சொன்ன அக்காவுக்கு முதல்ல சோத்தைத்தான் குறைக்கச் சொல்வாங்க. சோத்தை அடியோட நிறுத்தினா முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்கும், அதுல பெரும்பகுதி தண்ணி. உடம்புல சேர்த்து வச்ச மாவுச்சத்து கிராமுக்கு 3 கிராம் போல தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், அது கரையறப்ப தண்ணியும் போயிடும். திரும்பச் சோறு தின்னா திரும்ப வந்துடும். அதனால காலையில வெளிக்குப் போயிட்டு, காபிக்கு முன்னாடி எடை பாருங்க. ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோட ஒப்பிடுங்க. வடாம், ஊறுகாய் தின்ன மறுநாள் முள்ளு ஏறினா அது உப்பு பிடிச்ச தண்ணி, கொழுப்பு இல்லை. அரிசியை வேகறதுக்கு முன்னாடி நிறுங்க. வெந்ததும் ரெண்டரை, மூணு மடங்காகிடும், குழைஞ்சா இன்னும் கூடும். ஒரு கரண்டி சோறு குறைச்ச இடத்துல வாழைத்தண்டு, கீரை, பயறு வைங்க. பலருக்குக் காரியம் கெடறது இங்கதான்: வாழைத்தண்டுல துருவிப் போடற தேங்காய் 30 கிராம் இருந்தா அதுவே நூறு கலோரி.

கீழவீதி
தேங்காயைச் சொன்னீங்களே, அந்த அம்மா வீட்டுல துருவலை நிறுக்கவே இல்லை.